வர்த்தக ஒப்பந்தங்களும் நம் ஏரித் தண்ணீரும்: கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து மாங்கூழும் ரோஜாவும் கிரானைட்டும் ஓசூர்ப் பட்டறைகளின் இயந்திர பாகங்களும் கடல் கடந்து போகின்றன. இந்தச் சரக்குகள் வெளிநாட்டுச் சந்தைக்குள் நுழைவதற்கான விதிகளில் சுற்றுச்சூழல் குறித்த சரத்துகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகின்றன. அவற்றால் இங்குள்ள காற்றுக்கும் தண்ணீருக்கும் என்ன நேர்கிறது என்று சிறுதொழில் நடத்துவோரும் மாந்தோப்பு விவசாயிகளும் கல்லூரி மாணவர்களும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

வர்த்தக ஒப்பந்தத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம்?

தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் சுங்க வரியைக் குறைக்கும்போது, ஒரு பொருளின் உற்பத்தி ஓரிடத்தில் பெருகி வேறோரிடத்தில் சுருங்குகிறது. பெருகும் இடத்தில் புகையும் கழிவுநீரும் சேர்ந்தே பெருகக்கூடும் என்பதால், ஒப்பந்தம் எழுதும்போதே அதைப் பற்றியும் எழுத வேண்டும் என்ற கோரிக்கை 1990களில் வலுப்பெற்றது. 1994இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கத் தடையில்லா வர்த்தக ஒப்பந்தத்துடன் (நாஃப்டா) சுற்றுச்சூழலுக்கென்று ஒரு துணை ஒப்பந்தமும் கையெழுத்தானது. 1995இல் தோன்றிய உலக வர்த்தக அமைப்பு தன் நிறுவன ஒப்பந்தத்தின் முகவுரையிலேயே நீடித்த வளர்ச்சியைக் குறிப்பிடுகிறது. அதன்பின் வந்த ஒப்பந்தங்களைத் தொகுத்துப் படித்த ஆய்வாளர்கள், அவற்றில் ஏறத்தாழ 300 வகையான சுற்றுச்சூழல் சரத்துகளைக் கண்டிருக்கிறார்கள்.

முதலீட்டை ஈர்ப்பதற்காக உள்நாட்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தைத் தளர்த்தக் கூடாது என்பது அவற்றில் முக்கியமான வகை. காலநிலை மாற்றம் குறித்த பாரிஸ் உடன்படிக்கையை மதித்து நடப்பது, பசுமைப் பொருட்களுக்கு வரி நீக்குவது, சட்டவிரோத மரம் கடத்தலைத் தடுப்பது என்று மற்றவை விரிகின்றன. ஒரு சரத்தைப் படிக்கும்போது, அதை மீறினால் யார் யாரிடம் முறையிடலாம், முறையிட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். அது எழுதப்படாத சரத்து எத்தனை அழகாக இருந்தாலும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி ஒரு நாடு நம் சரக்கைத் தடுக்க முடியுமா?

முடியும், ஆனால் நிபந்தனையோடு. 1947இல் உருவான ‘காட்’ என்ற சுங்கவரி, வர்த்தகப் பொது ஒப்பந்தத்தின் 20ஆவது பிரிவு, மனித, விலங்கு, தாவர உயிரைக் காப்பதற்கும், தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளங்களைப் பேணுவதற்கும் வர்த்தகத் தடைகளை அனுமதிக்கிறது. அந்தத் தடை ஒரே நிலையில் இருக்கும் நாடுகளிடையே நியாயமற்ற பாகுபாடு காட்டக்கூடாது, பாதுகாப்பு என்ற பெயரில் உள்நாட்டுத் தொழிலுக்கு மறைமுகக் காப்பாகவும் ஆகக்கூடாது.

இதற்கு இந்தியாவே தரப்பாக இருந்த வழக்கு ஒன்று உண்டு. கடல் ஆமைகள் தப்பிச் செல்வதற்கான கருவியை வலையில் பொருத்தாமல் பிடித்த இறாலை அமெரிக்கா தடுத்தபோது, இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. 1998இல் மேல்முறையீட்டு அமைப்பு அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கரீபியன் பகுதி நாடுகளுக்கு மூன்றாண்டு அவகாசம் தந்துவிட்டு ஆசிய நாடுகளுக்கு நான்கே மாதம் தந்தது அதற்கான காரணங்களில் ஒன்று. ஆமையைக் காப்பதற்காகத் தடை விதிக்கலாம் என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு தள்ளவில்லை. அமெரிக்கா நடைமுறையைத் திருத்திக்கொண்ட பிறகு மலேசியா மீண்டும் தொடுத்த வழக்கு 2001இல் தோற்றது. ஒரு பொருள் எப்படித் தயாரிக்கப்படுகிறது என்பதையும் இறக்குமதி நிபந்தனையாக்கலாம் என்ற வாசல் அங்கேதான் திறந்தது. ஓசூரில் இன்று ஒரு போல்ட் பட்டறைக்கு ஐரோப்பிய வாங்குபவரிடமிருந்து வரும் கார்பன் கணக்குக் கேள்வித்தாள் அந்த வாசல் வழியாக வந்ததுதான்.

இந்தச் சரத்துகளால் மாசு உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

சில இடங்களில் குறைந்திருக்கிறது, சில இடங்களில் இடம் மட்டும் மாறியிருக்கிறது. வர்த்தகம் மாசை மூன்று வழிகளில் பாதிப்பதாகப் பொருளியலாளர்கள் ஜீன் கிராஸ்மனும் ஆலன் க்ரூகரும் நாஃப்டா பற்றிய விவாதத்தின்போது, 1991இல், பிரித்துக் காட்டினார்கள். உற்பத்தியின் அளவு கூடினால் மாசு கூடும். எந்தத் தொழில் எந்த நாட்டுக்குப் போகிறது என்பது மாறும்போது மாசும் அதோடு போகும். நல்ல இயந்திரமும் தொழில்நுட்பமும் வந்தால் மாசு குறையும். எது மிஞ்சுகிறது என்பது இடத்துக்கு இடம் வேறுபடும்.

நாஃப்டாவுக்குப் பின் அமெரிக்கத் தொழிற்சாலைகள் வெளியிட்ட நுண்துகளும் கந்தக டை ஆக்சைடும் குறைந்ததில் அந்த ஒப்பந்தத்துக்கும் பங்கு உண்டு என்று ஆய்வு காட்டியது. அதே எல்லையின் மறுபக்கத்தைப் பார்த்தால் படம் மாறுகிறது. 2009இல் அமெரிக்கா காற்றில் கலக்கும் ஈயத்துக்கான வரம்பை இறுக்கியதும், பழைய வாகன பேட்டரிகள் மெக்சிகோவுக்குப் போவது வெகுவாகக் கூடியது. அங்கே பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைகளுக்கு அருகில் பிறந்த குழந்தைகளின் எடை பாதிக்கப்பட்டதைப் பின்னர் வந்த ஆய்வு பதிவுசெய்தது. வட அமெரிக்க ஒப்பந்தத்தில் சுற்றுச்சூழல் துணை ஒப்பந்தம் இருந்தும் இது நடந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது.

பல நாடுகளை ஒருங்கே வைத்துப் பார்த்த ஆய்வுகள் ஓரளவு நம்பிக்கை தருகின்றன. சுற்றுச்சூழல் சரத்துள்ள ஒப்பந்தங்களில் சேர்ந்த நாடுகளில் நுண்துகள் மாசு குறைவாக இருப்பதாகவும், அத்தகைய சரத்துகள் அதிகமாக உள்ள ஒப்பந்தங்களால் வளரும் நாடுகளின் ஏற்றுமதியில் மாசு மிகுந்த பொருட்களின் பங்கு குறைவதாகவும் அவை சொல்கின்றன. காடு குறித்த ஆய்வு இன்னும் தெளிவானது. சரத்தில்லாத ஒப்பந்தம் கையெழுத்தானால் காடழிப்பு கூடுகிறது, காட்டைக் காக்கும் சரத்து இருந்தால் அந்தக் கூடுதல் ஏறக்குறைய ஈடாகிவிடுகிறது.

பெருவின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 2009இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க-பெரு ஒப்பந்தத்தில் காடுகளுக்கென்று தனி இணைப்பு இருக்கிறது. மர வெட்டைக் கண்காணிக்கும் அமைப்பின் சுதந்திரத்தைக் குறைக்கும் வகையில், பெரு அரசு அதை அமைச்சகம் ஒன்றின்கீழ் மாற்றியது. 2019இல் அமெரிக்கா ஒப்பந்தப்படி கலந்தாய்வு கோரியதும் சில மாதங்களில் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. கேள்வி கேட்க ஓர் ஆளும், கேட்பதற்கு எழுதப்பட்ட உரிமையும் இருந்ததால்தான் அது நடந்தது.

எங்கள் பகுதி மாங்கூழ் ஐரோப்பியச் சோதனையில் தேறுகிறது. பிறகு ஏன் ஆலைக்குப் பக்கத்து ஏரி நாறுகிறது?

எங்கள் பார்வையில் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். சோதனை நடப்பது டின்னிலும் நுண்ணுயிர் நீக்கிய அசெப்டிக் பையிலும் அடைத்த கூழில். பூச்சிக்கொல்லி எச்சம் வரம்புக்குள் இருக்கிறதா, சர்க்கரைச் செறிவைக் காட்டும் பிரிக்ஸ் அளவு சரியா, நுண்ணுயிர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குபவர் திருப்தி அடைகிறார். பெங்களூரா மாம்பழத்தின் தோலும் கொட்டையும் நாரும் சேர்ந்து பழ எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரும். சீசன் உச்சத்தில் அவை ஆலையின் பின்புறம் மலைபோலக் குவிந்து, இரண்டு நாளில் புளித்து, ஈ மொய்த்து, முதல் மழையில் பழுப்பு நீராக ஓடும். பழம் கழுவிய நீரிலும் இயந்திரம் கழுவிய நீரிலும் சர்க்கரை மிகுதி. சுத்திகரிக்காமல் ஏரியில் விட்டால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், மீன்கள் செத்து மிதக்கும். அந்த நீரில் ஒரு சொட்டுகூடக் கூழோடு சேர்ந்து துறைமுகம் போவதில்லை. எனவே வாங்கும் நாட்டின் சோதனைக்கூடம் அதை ஒருபோதும் காணாது.

மாசில் இரண்டு வகை உண்டு. ஒன்று பொருளோடு ஒட்டிப் பயணம் செய்கிறது. மற்றொன்று உற்பத்தி ஊரிலேயே தங்கிவிடுகிறது. வர்த்தக விதிகள் முதல் வகையில் வேகமாகவும் கடுமையாகவும் செயல்படுகின்றன. பழ ஈ காணப்பட்டது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே மாதம் இந்திய மாம்பழத்தைத் தடுத்ததும், ஏற்றுமதிச் சோதனை முறைகள் இங்கே சீராகி, 2015 தொடக்கத்தில் தடையை விலக்க முடிவாயிற்று. 2020இல் எள்ளில் கிருமி நீக்கப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு கண்டறியப்பட்டபோதும் சோதனை விதிகள் உடனடியாக இறுகின. ஏரிக்காக அப்படியொரு அவசரம் எந்தத் துறைமுகத்திலும் எழுந்ததில்லை. இரண்டாம் வகை மாசைத் தொடவேண்டியவை ஒப்பந்தங்களின் சுற்றுச்சூழல் அத்தியாயங்கள். அவையோ பெரும்பாலும் வலுவில்லாமல் எழுதப்படுகின்றன.

ஆகவே ஏரியைக் காக்கும் பொறுப்பு நம் சட்டங்களிடமே இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வோர் ஆலைக்கும் இசைவாணை தருகிறது. சில மாதங்கள் மட்டுமே ஓடும் ஆலைக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது சுமைதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆலைகளுக்குப் பொதுவான நிலையமும், தோல், கொட்டையிலிருந்து எரிவாயுவோ உரமோ எடுக்கும் அமைப்பும் இருந்தால் அந்தச் சுமை பகிரப்படும். ஒப்பந்தப் பேச்சில் இந்தியா கேட்டுப் பெற வேண்டிய தொழில்நுட்ப உதவி இதுவே என்று நாங்கள் கருதுகிறோம்.

ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரி ஓசூர்ப் பட்டறைகளை எப்படித் தொடும்?

இறக்குமதியாகும் பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்குக் கட்டணம் கேட்பதே இந்த வரி. இது ஒப்பந்தச் சரத்து அன்று, ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தானாக இயற்றிய சட்டம். 2023 அக்டோபர் 1 முதல் தகவல் தரும் கட்டம் நடந்தது, 2026 ஜனவரி 1 முதல் கட்டணப் பொறுப்பு தொடங்கியது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை இதன்கீழ் வருகின்றன. கட்டணத்தைச் செலுத்துபவர் ஐரோப்பிய இறக்குமதியாளர்தான். ஆனால் அவர் அதை விலையில் கழித்துக்கொள்வார், கணக்கையும் நம்மிடமே கேட்பார்.

எல்லா உதிரிபாகமும் இதில் அடங்காது. திருகு, போல்ட், நட்டு ஆகியவை பட்டியலில் இருக்கின்றன. வாகன உதிரிபாகம் என்ற தலைப்பில் போகும் பாகங்கள் சட்டம் தொடங்கியபோது பட்டியலில் இல்லை. ஆகவே முதலில் இன்வாய்ஸில் உள்ள சுங்கக் குறியீட்டைப் பாருங்கள். ஒரே கூரையின்கீழ் தயாராகும் இரண்டு பொருட்களில் ஒன்றுக்குக் கணக்கு தேவைப்படும், மற்றொன்றுக்குத் தேவைப்படாது.

அடுத்தது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. இரும்பு, எஃகுப் பொருட்களுக்கு இந்தச் சட்டம் நேரடி உமிழ்வை மட்டுமே கணக்கில் கொள்கிறது, மின்சாரத்தால் வரும் மறைமுக உமிழ்வைக் கட்டணத்தில் சேர்ப்பதில்லை. எனவே போல்ட் பட்டறையின் கூரையில் சோலார் தகடு பதித்தால் மின்கட்டணம் குறையும், இந்தக் கட்டணம் குறையாது. போல்ட்டின் கார்பன் கணக்கில் மிகப் பெரும் பங்கு, அதைச் செய்ய வாங்கிய எஃகுக் கம்பியில், அதாவது வயர் ராடில், இருக்கிறது. நிலக்கரியால் ஓடும் ஊதுலையில் பிறந்த எஃகுக்கும் பழைய இரும்பை மின்உலையில் உருக்கிய எஃகுக்கும் இடையே வேறுபாடு மிகப் பெரிது. இந்திய எஃகில் ஒரு டன்னுக்குச் சராசரியாகச் சுமார் 2.5 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது, இது உலகச் சராசரியைவிடக் கூடுதல். ஆகவே ஒவ்வொரு லோடுக்கும் வரும் டி.சி.யை, அதாவது ஆலைச் சோதனைச் சான்றிதழை, எஃகு எந்த உருக்கலில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பரோடு பத்திரப்படுத்தி, எஃகு ஆலையிடமிருந்து உமிழ்வுக் கணக்கையும் எழுத்தில் கேட்டு வாங்குவதே முதல் வேலை. உண்மைக் கணக்கு இல்லாதவருக்கு, சட்டம் நிர்ணயித்த உயர்வான பொது மதிப்பு பொருத்தப்படும்.

இத்தனை நுணுக்கமாகக் கேட்கும் அதே கேள்வித்தாளில், பட்டறையின் முலாம் பூசும் பிளேட்டிங் தொட்டியிலிருந்து வெளியேறும் துத்தநாக நீர், குரோமிய நீர் பற்றி ஒரு கட்டம்கூட இல்லை. கார்பன் உலகம் முழுவதற்கும் பொதுவான காற்றில் கலப்பதால் அது ஐரோப்பாவின் அக்கறைக்குள் வருகிறது. குரோமியம் நம் நிலத்தடி நீரோடு நின்றுவிடுவதால் வருவதில்லை.

இந்த வரி நியாயமானதா?

காலநிலையைக் கெடுத்ததில் பழைய தொழில்நாடுகளின் பங்கு மிகப் பெரிது என்பதும், பொதுவான ஆனால் வேறுபட்ட பொறுப்பு என்ற கொள்கை 1992ஆம் ஆண்டின் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையிலேயே இருக்கிறது என்பதும் இந்தியாவின் வாதம். அந்த உடன்படிக்கையின் 3ஆவது பிரிவு, காலநிலை நடவடிக்கை என்ற பெயரில் வர்த்தகத்தில் நியாயமற்ற பாகுபாடு கூடாது என்றும் சொல்கிறது. இந்த வாதம் வலுவானது. வசூலாகும் பணம் ஏழை நாடுகளின் தொழில் மாற்றத்துக்குத் திரும்பி வராத வரை, சுமை ஓசூர் பட்டறைக்காரர் தலையிலும் பயன் பிரஸ்ஸல்ஸிலும் நிற்கும். அதே சமயம் வரி என்ற அழுத்தம் வந்த பிறகுதான் இங்கே உமிழ்வை அளப்பது வேகம் பிடித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023இல் இந்தியா கார்பன் வரவு வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. பிறப்பிட நாட்டில் ஏற்கெனவே செலுத்திய கார்பன் விலையைக் கழித்துக்கொள்ள ஐரோப்பியச் சட்டம் இடம் தருகிறது. பணம் இங்கேயே வசூலாகி இங்கேயே எஃகு ஆலைகளைச் சீர்திருத்தப் பயன்படுவது, வேறெங்கோ போவதைவிட மேல்.

இந்தியா இதுவரை என்ன ஏற்றுக்கொண்டிருக்கிறது?

நெடுங்காலம் சுற்றுச்சூழலை வர்த்தகப் பேச்சுக்கு அப்பாற்பட்டது என்றே இந்தியா ஒதுக்கி வந்தது. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நாடுகளுடன் 2024 மார்ச் 10இல் கையெழுத்தாகி, 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் நீடித்த வளர்ச்சிக்கென்று ஓர் அத்தியாயம் இடம்பெற்றது. 2025 ஜூலை 24இல் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தத்திலும் சுற்றுச்சூழல் அத்தியாயம் உண்டு. இவை இரண்டுமே ஒப்பந்தத்தின் தகராறுத் தீர்வு முறைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. பேசலாம், கலந்தாயலாம், தண்டிக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க, 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியம்-நியூசிலாந்து ஒப்பந்தத்தில் பாரிஸ் உடன்படிக்கையின் நோக்கத்தைக் குலைத்தால் வர்த்தகத் தண்டனைக்கே வழியிருக்கிறது.

கெலவரப்பள்ளி அணையின் நுரைக்கு எந்த ஒப்பந்தமாவது தீர்வு தருமா?

தராது. தென்பெண்ணையில் பெங்களூரு பக்கமிருந்து வரும் சாக்கடையும் ஆலைக் கழிவும் கெலவரப்பள்ளியில் நுரையாகப் பொங்குவது இரண்டு மாநிலங்களுக்கிடையிலான, நம் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட விவகாரம். தருமபுரிக் கிணறுகளின் ஃபுளோரைடும் பாறையிலிருந்து வருவது, வர்த்தகத்தால் வந்ததன்று. எல்லாவற்றையும் ஏற்றுமதியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

வர்த்தக நிபந்தனையால் வெற்றி பெற்ற சுற்றுச்சூழல் ஏற்பாடு ஏதாவது உண்டா?

1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை. ஓசோன் படலத்தைச் சிதைக்கும் வாயுக்களை, உடன்படிக்கையில் சேராத நாடுகளோடு வாங்கவோ விற்கவோ கூடாது என்று அது தடுத்ததால், வெளியே நிற்பது நட்டமாயிற்று. வளரும் நாடுகளுக்கு அவகாசமும் மாற்றுத் தொழில்நுட்பத்துக்கான நிதியும் சேர்ந்தே வந்தன. குளிர்பதன வாயுக்களைக் குறைக்கச் சொல்லும் அதன் கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. ஓசூர் ரோஜாவைக் குளிர்விக்கும் அறைகளிலுள்ள வாயுவும் அதன் அட்டவணைப்படி 2028இல் உச்சவரம்பிட்டு, 2032 முதல் படிப்படியாகக் குறைய வேண்டும். தடை, அவகாசம், நிதி மூன்றும் கைகோத்து வந்ததே இதன் பலம். கார்பன் எல்லை வரியில் நிதி விடுபட்டிருக்கிறது.

வர்த்தக விதிகள் காலநிலை நடவடிக்கைக்கே தடையாக வருமா?

வந்திருக்கின்றன. உள்நாட்டில் தயாரான சோலார் செல்லைப் பயன்படுத்த வேண்டும் என்ற இந்தியாவின் நிபந்தனை விதிமீறல் என்று 2016இல் உலக வர்த்தக அமைப்பில் முடிவாயிற்று. நிலக்கரி மின்சாரத்தை நிறுத்தச் சட்டமியற்றிய நெதர்லாந்தின் மீது, முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையைக் காட்டி, 2021இல் ஒரு ஜெர்மன் மின்நிறுவனம் இழப்பீடு கோரியது. நம்மைப் போன்ற நாடுகள் புதிய ஒப்பந்தங்களில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய பகுதி இந்த முதலீட்டுப் பாதுகாப்புதான்.

ஒப்பந்தத்தைக் காட்டி நாங்கள் புகார் செய்ய முடியுமா?

இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தங்களில் குடிமக்கள் நேரடியாக முறையிடும் வழி இல்லை. வட அமெரிக்காவில் உண்டு. மெக்சிகோவின் டிஹுவானா நகரில் ஈயம் உருக்கிய ஆலை ஒன்றை உரிமையாளர் நச்சுக்கழிவோடு கைவிட்டு எல்லை தாண்டிப் போனபோது, அக்கம்பக்கத்து மக்கள் 1998இல், நாஃப்டாவின் சுற்றுச்சூழல் துணை ஒப்பந்தப்படி அமைந்த சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு ஆணையத்திடம் மனு கொடுத்தார்கள். ஆணையத்தால் தண்டிக்க முடியாது. உண்மைகளைப் பதிவுசெய்த அறிக்கையை 2002இல் வெளியிட்டது. அதன்பின் 2004இல் துப்புரவுக்கு இரு நாட்டு அரசுகளும் உடன்பட்டன. இதே போன்ற மனு உரிமையை இந்தியா அடுத்துச் செய்யும் ஒப்பந்தங்களில் சேர்க்க வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பது நியாயமான கோரிக்கை.

அதுவரை கையிலிருப்பவற்றைப் பயன்படுத்தலாம். ஆலையின் இசைவாணை நிபந்தனைகளையும் நீர்ச் சோதனை முடிவுகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பாதிப்பு தொடங்கிய ஆறு மாதத்துக்குள் வழக்கு தொடுக்க வேண்டும் என்பது பொது விதி, இழப்பீட்டுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஏற்றுமதி செய்யும் ஆலையானால், வெளிநாட்டு வாங்குபவருக்கும் சோதனை முடிவின் நகலை அனுப்பலாம். ஜெர்மனி போன்ற சில நாடுகளில், பெரிய நிறுவனங்கள் தங்கள் சரக்குச் சங்கிலியில் நேரும் தண்ணீர் மாசையும் கவனிக்கச் சட்டம் உண்டு. நகலில் மாதிரி எடுத்த தேதியும் இடமும் சோதனைக்கூடத்தின் பெயரும் தெளிவாக இருக்க வேண்டும். மாங்கூழ் ஆலைகளைப் பொறுத்தவரை மாதிரியை சீசன் நடக்கும்போதே எடுத்தாக வேண்டும், ஆகஸ்டில் எடுத்தால் ஏரியில் மழைநீர் கலந்துவிட்டிருக்கும்.